தீபத்தன்று குளத்தங்கரை உயர்கோபுர விளக்கை அணைத்து வைக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
குளத்தெருக் குடியிருப்போர் மற்றும் தீபத்தைப் படமெடுக்க வரும் ஒளிப்பட ஆர்வலர்கள்

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்

பொருள்: கார்த்திகை தீபத்தன்று மாலை குளத்தங்கரை உயர்கோபுர மின்விளக்கை அணைத்து வைப்பது தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தில் சென்ற ஐப்பசியில் நேரில் கொடுத்த மனு. 2. ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட இரண்டு மனுக்களுக்கும் இதுவரை பதில் இல்லை. குளமும் மலைப்படியும் தாங்கள் அன்றாடம் கடந்து போகும் இடம்தான், ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. படிக்கட்டு அடிவாரத்துக்கு எதிரே, குளத்தின் வடகிழக்கு மூலையில் நிற்கும் உயர்கோபுர விளக்குதான் எங்கள் குறை. கார்த்திகையில் நம் பக்கம் ஐந்தே முக்காலை ஒட்டிப் பொழுது சாய்கிறது. ஆறு மணிக்கு மலைமேல் தீபம். வானம் கருநீலமாக இருக்க, மலை விளிம்பும் தெரிய, கரையில் அகலும் எரிய, மூன்றும் ஒரே படத்தில் அடங்குவது ஆறு முதல் ஆறு இருபது வரைதான். பிறகு வானம் வெறும் கரி. விளக்கின் டைமரோ ஐந்தே முக்காலுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் அந்த இருபது நிமிடத்தை அது முழுதாகத் தின்றுவிடுகிறது.

2. டிரைபாடில் கேமராவை நிறுத்தி, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 200, லென்ஸ் துளையை எஃப் 8 என்று வைத்தால் ஆறு மணிக்கு ஷட்டரை நான்கு வினாடி திறந்து வைத்தால் போதும், ஆறேகாலுக்குப் பதினைந்து வினாடி வேண்டும். அகலும் தண்ணீரில் அதன் பிம்பமும் அப்போதுதான் பதியும். அந்த நேரத்துக்குத் திறந்து வைத்தால் உயர்கோபுர விளக்கு படத்தில் பாதியை வெள்ளையாக்கிவிடுகிறது, குறைத்தால் அகல் இருந்த இடமே தெரியாது. நிறமும் ஒட்டாது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் (எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) எண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின், வெள்ளை எல்இடி 6,000 கெல்வினை ஒட்டியது. சுடருக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்தால் கம்பத்து வெளிச்சம் நீலம் பாய்கிறது, கம்பத்து வெளிச்சத்துக்கு ஏற்பச் சரிசெய்தால் சுடர் ஆரஞ்சுச் சாயமாகிறது. கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இன்னொரு வம்பு: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்) சரியில்லாத விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும், வீடியோவில் குறுக்கே பட்டை பட்டையாக ஓடும். இந்தக் கம்பத்தில் இரண்டு ஃபிட்டிங் அப்படித்தான் துடிக்கின்றன.

3. அடுத்தது மாவளி, தீபத்தன்று பிள்ளைகள் பொறி பறக்கச் சுற்றுவது. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைப் பிளவுகளுக்கு நடுவே கட்டி, கயிற்றில் சுற்றுவார்கள். இருட்டில் நான்கு வினாடி திறந்து வைத்தால் தங்க வளையமாக விழும். இந்த வெளிச்சத்தில் கேமராவுக்கு மட்டுமல்ல, எதிரே நிற்பவருக்கே பொறி மங்கலாகத்தான் தெரிகிறது. பிள்ளைகள் ரயில்வே கேட் பக்கம் இருட்டுத் தேடிப் போய்ச் சுற்றுகிறார்கள்.

4. "வெளிச்சம் இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடாதா" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஐயா, தயவுசெய்து ஒரு நாள் மாலை மலையிலிருந்து தாங்களே இறங்கிப் பாருங்கள். கீழே பார்க்க வேண்டிய ஃபிட்டிங்குகள் நிமிர்ந்து நின்று, இறங்குபவர் கண்ணில் நேராக அடிக்கின்றன. கண் கூசுவதால் படியின் விளிம்பு தெரியாது. அன்றைக்குப் படியெல்லாம் அகல் எண்ணெய் வேறு சிந்தியிருக்கும், அடைமழைப் பாசியும் இருக்கும். ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் படி பழக்கமும் இல்லை, எச்சரிக்கைப் பலகையில் ஒரு வரி தெலுங்கும் இல்லை. பாதுகாப்புக்கு என்று சொல்லி ஆபத்தை ஏற்றி வைத்திருப்பதை எத்தனை மனுவில்தான் எழுதுவது? கம்பம் நட்ட அன்று ஃபிட்டிங்கைச் சாய்த்துப் பூட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

5. செலவே இல்லாத வேலை. கம்பத்தின் அடியில் இருக்கும் பெட்டியில் டைமரை அன்று ஒரு நாள் ஐந்தே முக்காலிலிருந்து எட்டு மணிக்கு மாற்றினால் போதும், அல்லது ஆட்டோ சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பலாம். ஒரு லைன்மேன், ஐந்து நிமிடம். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் படியோரம் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்தபடி, ஐந்து படிக்கு ஒன்றாக மஞ்சள் பல்பு கட்டினால் விளிம்பும் தெரியும், அகலும் தெரியும். மழை ஈரத்தில் ஒயர் ஜாயின்ட்டுகள் தரையில் கிடக்காமல் தூக்கிக் கட்ட வேண்டும். டிரைபாடுகள் நடைபாதையை மறிக்கின்றன என்ற புகார் நியாயமானது. தென்கரை மண்டபத்தருகே கயிறு கட்டி இடம் ஒதுக்குங்கள், படியில் டிரைபாட் வைக்கத் தடை போடுங்கள், கட்டுப்படுகிறோம்.

6. அந்த ஒரு விளக்கு, அந்த ஒரு மாலை, ஐயா.

7. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் கொடுங்கள். இந்தத் தீபத்துக்கு முன் டைமரை மாற்ற உத்தரவிடும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குளத்தெருக் குடியிருப்போர், ஒளிப்பட ஆர்வலர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

நகல்: மின்வாரிய உதவிப் பொறியாளர் அவர்கள்