டேங்கை அளக்கும் அனலைசரை எங்கள் கையில் கொடுங்கள்

டைவிங் சென்டர் நடத்தும் நண்பர்களுக்கு,

போன சீசனில் இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு சென்டரில் நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலான கலவை) டேங்க் எடுத்தேன். பெயர் வேண்டாம். கழுத்தில் ஒட்டிய டேப்பில் ஆக்சிஜன் சதவீதம் 32 என்று பேனாவால் எழுதியிருந்தது. அளந்து பார்க்கிறேன் என்றதற்கு, “காலையிலேயே பார்த்தாச்சு அண்ணா” என்றார் கடைப் பையன். நான் விடவில்லை. ஆக்சிஜன் அளவைக் காட்டும் அனலைசரில் எண் மெல்ல ஏறி 38-இல் போய் நின்றது. அன்று நாங்கள் இறங்கவிருந்த ஆழம் 32 மீட்டர். 32 சதவீத ஆக்சிஜன் என்றால் அங்கே அதன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.34 பார், பயமில்லை. 38 என்றால் 1.6, டைவின்போது பலரும் எல்லையாக வைத்துக்கொள்ளும் 1.4-ஐத் தாண்டிவிட்டது. ஆக்சிஜன் நஞ்சாகி வரும் வலிப்பு பல நேரம் சொல்லிக்கொண்டு வராது. கரையில் வந்தால் பிழைக்கலாம், தண்ணீருக்கடியில் மூச்சுக்காக வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் நழுவிவிடும், அவ்வளவுதான்.

நைட்ராக்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானே அதன் ரசிகன். நைட்ரஜன் குறைவு என்பதால் உடம்பில் சேர்வதும் குறைவு; மேலே ஏறும் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டிய நிலை வராமல் 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் 20 நிமிடம் என்றால் 32-இல் அரை மணி நேரம் இருக்கலாம், ஒரே நாளில் மூன்று டைவ் போகிறவர்களுக்கு இன்னும் நல்லது. (மேலே வந்தபின் களைப்பே இருக்காது என்று விளம்பரம் செய்வதை மட்டும் விடுங்கள், அது நிரூபணமானதல்ல. காற்றும் அதிக நேரம் வராது, மூச்சு அதே மூச்சுதான்.)

ஆனால் “நைட்ராக்ஸ் இருக்கு, ஆழமா போகலாம்” என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைக் காதால் கேட்டேன். தலைகீழ்! மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9-இல் மூழ்கிய ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஏறக்குறைய 53 மீட்டரில் கிடக்கிறது. அங்கே 32-ஐக் கொண்டு இறங்கினால் ஆக்சிஜனின் அழுத்தம் 2 பார். சாதாரணக் காற்றிலோ 1.32 தான். அந்த ஆழத்துக்கு வேறு பயிற்சி, வேறு கலவை வேண்டும், அது தனிக் கதை.

கேட்பது பெரிதல்ல. அனலைசரைப் பூட்டி வைக்காதீர்கள், டேங்கை எடுப்பவரே அளக்கட்டும், லேபிளில் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி மூன்றையும் அவரே எழுதட்டும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரில் அதே எண்ணைப் போட்டாரா என்று படகு கிளம்பும் முன் ஒருமுறை கேளுங்கள். 32-ஐச் சுவாசித்துக்கொண்டு கம்ப்யூட்டரை 21-இல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அது ஆக்சிஜனைப் பற்றிச் சரியான நேரத்தில் எச்சரிக்காது.

அடுத்த சீசனுக்கும் வருவேன். லேபிளை வெறுமையாக வைத்திருங்கள், பேனா நானே கொண்டு வருகிறேன்.