நம் திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நாகர்கோவிலில் நம் சங்கம் செய்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பார்த்த படங்களையும், படம் முடிந்தபின் நாம் பேசியவற்றையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கடைசியில் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். அதற்காகவே இந்த அறிக்கையைப் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

முதலில் அஞ்சலி. டிசம்பர் 23ஆம் தேதி இந்தி இயக்குநர் ஷியாம் பெனகல் மறைந்தார். இரண்டே நாளில் மலையாள எழுத்தாளரும் இயக்குநருமான எம்.டி. வாசுதேவன் நாயரும் போய்விட்டார். ஜனவரியில் அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச். பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். அதன் புதுப்பித்த பிரதி 2024 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டதையும் அவர் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் ஓர் ஆறுதல். எம்.டி.க்கு அஞ்சலியாக ஜனவரியில் அவர் இயக்கிய ‘நிர்மால்யம்’ (1973) பார்த்தோம். நம் ஊரில் மலையாளத்துக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. கஞ்சிக்கு வழியில்லாத வெளிச்சப்பாடு (கோயிலில் அருள்வாக்குச் சொல்லும் சாமியாடி) வாளால் தன் தலையைக் கீறிக்கொண்டு, தான் ஆயுள் முழுக்கச் சேவித்த பகவதியின் முகத்தில் ரத்தம் கலந்த எச்சிலைத் துப்பும் கடைசிக் காட்சிக்குப் பிறகு அரங்கில் கொஞ்ச நேரம் பேச்சே எழவில்லை. கோயில் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்தான் முதலில் பேசினார். “இது அவமரியாதை இல்லை. பெத்த தாயிட்ட பிள்ளை சண்டை பிடிக்கான், அவ்வளவுதான்” என்றார். வெளிச்சப்பாடாக வந்த பி.ஜே. ஆண்டனிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இனி ஆண்டின் நடப்பு. ஏப்ரல் செயற்குழுவில் இளைய உறுப்பினர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “எல்லாப் படமும் போனில் கிடைக்கும்போது மாதாமாதம் ஒரு ஹாலில் கூடுவது எதுக்கு?” கேள்வி நியாயமானது. அதற்கு நாம் எடுத்த முடிவு, படங்களைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுவது. திரையிடலை மாலை ஆறிலிருந்து நாலு மணிக்கு மாற்றினோம். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள் வடசேரியில் பஸ் பிடிக்கவேண்டுமே என்று பாதிப் பேச்சில் எழுந்து போகும் நிலை அதோடு நின்றது. பெண் உறுப்பினர்கள் கூடுதலாக வரத் தொடங்கியதும் இந்த நேர மாற்றத்துக்குப் பிறகுதான். படத்துக்கு முன்னால் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு, படம் முடிந்ததும் டீ, அதன்பிறகு பேச்சு என்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ‘சாட்சி’ என்ற வரிசையில் நான்கு படங்கள்: ஜப்பானின் ‘ரஷோமான்’ (1950), நம்முடைய ‘அந்த நாள்’ (1954), அமெரிக்காவின் ‘12 ஆங்ரி மென்’ (1957), கொரியாவின் ‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’ (2003). வெவ்வேறு நாடு, வெவ்வேறு காலம் என்றாலும் கேள்வி ஒன்றுதான். கண்ணால் பார்த்தவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

‘அந்த நாள்’ படத்தைப் பெரும்பாலோர் அன்றுதான் முழுதாகப் பார்த்தார்கள். எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் குண்டடி பட்டுச் சாகிறார். யார் சுட்டார்கள் என்று ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்லச் சொல்ல, செத்தவர்தான் தேசத் துரோகி என்று தெரியவருகிறது. உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நாயகனை 1954இல் இப்படிக் காட்டத் துணிந்திருக்கிறார்கள். வசூலில் தோற்ற படம். ஆனாலும் ‘ரஷோமான்’ பார்த்த அடுத்த மாதமே இதைப் பார்த்ததால், சாட்சியம் மாற மாற ஒளியமைப்பும் கேமரா கோணமும் எப்படி மாறுகின்றன என்று நம் உறுப்பினர்களே எடுத்துச் சொன்னார்கள். எழுபது ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் படத்தை ‘பழசு’ என்ற சலுகை கொடுக்காமல், ‘ரஷோமான்’ எடுத்த குரோசவாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினோம். இந்தச் சங்கம் செய்யவேண்டிய வேலை இது என்று நான் நம்புகிறேன்.

‘12 ஆங்ரி மென்’ அன்று புதிதாக ஒன்று செய்து பார்த்தோம். படம் முடிந்ததும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று துண்டுகளைத் திரும்பப் போட்டோம். முதலில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருந்து பார்க்கிறது. நடுவில் கண்மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசியில் அதற்கும் கீழே போய்விடுகிறது. லென்ஸும் போகப்போக நீளமாகிறது. அதனால் சுவர்கள் நெருங்கி வருகின்றன, கடைசியில் அறையின் கூரையே தெரிகிறது. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள் நடந்தும் அலுக்காததற்கு சிட்னி லூமெட்டின் இந்தத் திட்டம் ஒரு காரணம். முதல் தடவை பார்த்தபோது புழுக்கத்தை உணர்ந்தோம், காரணம் தெரியவில்லை. இரண்டாம் தடவை காரணமும் தெரிந்தது. நம் உறுப்பினரான வழக்கறிஞர், இந்தியாவில் ஜூரி முறை 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டதை நினைவுபடுத்தினார். சாதாரண ஆட்கள் பன்னிரண்டு பேர் தீர்ப்புச் சொல்வது நம் ஊருக்குச் சரிப்படுமா என்ற வாதம் டீக்கடை வரைக்கும் தொடர்ந்தது.

‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’ அன்றுதான் இந்த ஆண்டின் மிகக் காரமான விவாதம். 1986க்கும் 1991க்கும் இடையில் ஹ்வாசோங் பகுதியில் நடந்த உண்மைக் கொலைகளை வைத்து போங் ஜூன்-ஹோ எடுத்த படம். படம் வந்தபோது கொலைகாரன் யாரென்றே தெரியாது. கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் நேரே கேமராவைப் பார்ப்பார், கொலைகாரன் தியேட்டரில் உட்கார்ந்திருந்தால் அவன் கண்ணைப் பார்ப்பதுபோல. 2019இல்தான் டிஎன்ஏ சோதனை வழியாக ஆள் தெரிந்தது. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக இருபது ஆண்டு சிறையிலிருந்த வேறொரு மனிதர் நிரபராதி என்று 2020இல் நீதிமன்றம் அறிவித்தது. படத்தில் போலீஸ் அடித்து வாங்கும் வாக்குமூலங்களை இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. இளைஞர்கள் படத்தைக் கொண்டாடினார்கள். பெண் உறுப்பினர்கள் இருவர் உறுதியாக மறுத்தார்கள்: செத்த பெண்களுக்கு இந்தப் படத்தில் முகமும் இல்லை, வாழ்க்கையும் இல்லை, துக்கமெல்லாம் துப்பறிவாளர்களுக்குத்தான் என்றார்கள். எனக்கு மிகப் பிடித்த படம் அது. ஆனாலும் அவர்கள் சொன்னது சரி என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

குழந்தைகள் தினத்தை ஒட்டி ஒரு அரசுப் பள்ளியில் ஈரானின் ‘வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?’ (1987) திரையிட்டோம். பாரசீகப் படம், ஆங்கில சப்டைட்டில். நம் உறுப்பினர் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கூடப் படிப்பவனின் நோட்டைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்ட சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல், கடைசியில் நண்பனின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிவிடுகிறான். “இது சரியா, தப்பா?” என்று கேட்டதற்கு, ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி எழுந்து, “சார் நோட்டைத்தான பாத்தாரு, அவனைப் பாக்கலியே” என்றாள். அங்கிருந்த ஆசிரியர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு, 2017ஆம் ஆண்டு ஒக்கி புயலின் நினைவு நாளை ஒட்டி, இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் ‘லா தெர்ரா த்ரேமா’ (1948). இந்த ஆண்டில் எனக்கு மறக்க முடியாத மாலை அது. சிசிலித் தீவின் ஆச்சி த்ரெத்சா என்ற மீனவர் ஊரில், அந்த ஊர் மீனவர்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேசும் மொழியிலேயே எடுத்த படம். மீன் மொத்த வியாபாரிகள் வைத்ததுதான் விலை என்ற நிலையில், ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைத்துச் சொந்தத் தொழிலில் இறங்குகிறது. நெத்திலி அள்ளி வந்து உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கும் நாட்களில் வீடே சிரிக்கிறது. பிறகு ஒரு புயல். படகு போகிறது, வீடு போகிறது, மூத்தவன் மறுபடியும் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்கிறான்.

கடற்கரை ஊர்களிலிருந்து அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், யாரும் அசையவில்லை. தராசைத் தூக்கிக் கடலில் வீசும் இடத்தில் பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. ஒரு மீனவர், தம் ஊரில் ஏலம் எப்படி நடக்கிறது, முன்பணம் வாங்கியவன் ஏன் அந்த ஏலக்காரருக்கே மீனைப் போடவேண்டியிருக்கிறது, கழிவு (கமிஷன்) எப்படிப் பிடிக்கிறார்கள் என்று விளக்கினார். படத்தின் பொருளாதாரம் அத்தனையும் அந்தப் பேச்சில் அடங்கியிருந்தது. கருப்பு உடுத்த பெண்கள் பாறைமேல் நின்று கடலைப் பார்த்திருக்கும் காட்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2017 டிசம்பரில் தூத்தூர், வள்ளவிளை பக்கக் கரைகளில் அப்படிக் காத்து நின்றவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள். உலக சினிமா சாதாரண ஜனங்களுக்குப் புரியாது என்று இனி யாரும் இந்தச் சங்கத்தில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் மௌனப் படம். டென்மார்க் நாட்டுக்காரரான டிரேயர் பிரான்சில் எடுத்த ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928). இசையும் சேர்க்காமல் அப்படியே போட்டோம். ஒப்பனை இல்லாத முகங்கள், அண்மைக் காட்சி மேல் அண்மைக் காட்சி. ஜோனாக நடித்த ஃபல்கொனெத்தியின் கண்ணில் நீர் திரண்டு வழிவதை இவ்வளவு பக்கத்தில் பார்த்தபின், வசனம் இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் வெளிவந்த ஆண்டே தீயில் போய்விட்டது. பல பத்தாண்டுகள் வெட்டுப்பட்ட பிரதிகளைத்தான் உலகம் பார்த்தது. 1981இல் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் முழுப் பிரதி கிடைத்தது.

பேச்சு அங்கிருந்து நம் மண்ணுக்கு வந்தது. மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி. டேனியல் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1975இல் மறைந்தது நம் அகஸ்தீஸ்வரத்தில். சொத்தை விற்று அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ படத்தின் ஒரு துண்டுகூட இன்று இல்லை. அதில் நாயர் பெண்ணாக நடித்த குற்றத்துக்காக, தலித் பெண்ணான பி.கே. ரோசி திருவனந்தபுரத்திலிருந்து விரட்டப்பட்டார். நாகர்கோவிலுக்கு வந்து, நடிகை என்ற பேச்சே இல்லாமல் வாழ்ந்து முடித்தார். அவர் முகம் திரையில் எப்படி இருந்தது என்று பார்க்க இனி வழியே இல்லை.

ஆனால் ஒரு படம் பிழைத்திருக்கிறது. டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவிலில் தொடங்கிய ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் சார்பில் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கும் உரிமை யாருக்கு என்று பதிப்பகம் வழக்குப் போட, வெளியான சூட்டோடு படம் முடங்கியது. பிரதியும் பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டது. அப்படி முடங்கிக் கிடந்ததாலேயே அது அழியாமல் மிஞ்சியது. 1974இல் பூனா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பாதுகாத்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் ஊர்க்காரர் முதல்போட்டது. 1956 நவம்பர் வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் கேரளத்தார் இதைத் தங்கள் படம் என்கிறார்கள், தமிழ் சினிமா வரலாற்றில் இதற்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் உரிமையுள்ள நாம்தான் இதைப் பேச வேண்டும்.

ஆகவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இந்தத் தீர்மானம்: தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இப்போது இயங்கும் பூனா ஆவணக் காப்பகத்துக்குச் சங்கத்தின் சார்பில் எழுதி, உரிய கட்டணம் செலுத்தி அனுமதி பெற்று, ‘மார்த்தாண்ட வர்மா’வை வரும் ஆண்டில் நாகர்கோவிலில் பொதுமக்களுக்குத் திரையிடுவது. இடைத்தலைப்பு அட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருப்பதால், தமிழில் வாசிக்கும் பொறுப்பைப் பள்ளித் திரையிடலில் மைக் பிடித்த நண்பரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். செலவுக்கு உறுப்பினர் சந்தா போதாது. தனி நன்கொடைச் சீட்டு அச்சிடவும் இந்தக் குழு அனுமதிக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. மண்டபம் இடிபட்டதால் நூலக மாடிக்கு மாறியிருக்கிறோம், இந்த ஆண்டும் அங்கேயே. திரைச்சீலை புதிதாக வாங்கியாயிற்று. குறிப்பேடு எழுதிய கல்லூரி மாணவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்து உதவிய அனைவருக்கும் செயற்குழுவின் நன்றி.

அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை வாக்குக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்