நரம்புக் கடத்தி ‘குறைகிறது’ என்பது பாதி உண்மை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவக் கட்டுரை, ஆக்சிஜனேற்ற அழுத்தம் (ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைத்துடிப்பான மூலக்கூறுகள் உடலின் தடுப்பை மீறிப் பெருகும் நிலை) மூளையில் நரம்புக் கடத்திகள் (நரம்புச் செல்கள் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்கள்) வெளியாவதைக் குறைக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைப் பரிந்துரைக்கப் போய்விட்டது. அந்த வரியில் பாதிதான் உண்மை.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கசியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடு ஆகின்றன. ஒரு நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளுட்டதயோன் அதை நீராக்கிவிட்டால் சிக்கல் இல்லை. புரதங்களோடு கட்டுறாத இரும்பு பக்கத்தில் இருந்தால், பெராக்சைடிலிருந்து மிகவும் வினைத்துடிப்பான ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். அதை அடக்க உடலில் எந்த நொதியும் கிடையாது.

நரம்பு முனையில் கால்சியம் நுழைந்ததும், கடத்தி நிரம்பிய நுண்பை செல்சவ்வோடு இணைந்து திறக்கிறது. சினாப்டோபிரெவின், சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற மூன்று புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதால்தான் இந்த இணைப்பு நடக்கிறது. ஸ்னாப்-25இன் நடுவில் நான்கு சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்) நெருங்கி அமைந்துள்ளன. அவற்றின் கந்தகத்தைப் பெராக்சைடு எளிதில் தாக்கும். முறுக்கு சரியாக விழாவிட்டால், கால்சியம் வந்தும் நுண்பை திறக்காது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி குறைந்தால், கடத்தியை நிரப்ப உதவும்படி நுண்பைக்குள் புரோட்டானைத் தள்ளும் பம்பும் தளரும். அப்போது திறக்கிற பைகளிலும் கடத்தி குறைவாகவே இருக்கும். கட்டுரை சொன்ன ‘குறைவு’ இதுவரை சரி.

நரம்புச் செல்களைத் தூண்டும் கடத்தியான குளுட்டமேட்டில் கதை தலைகீழ். வெளியான குளுட்டமேட்டை ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்களின் கடத்துபுரதங்கள் உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். அவற்றிலும் சிஸ்டீன்கள் உண்டு, அவையும் ஆக்சிஜனேற்றத்தால் மந்தமாகின்றன. ஏடிபி மிகவும் குறைந்து சோடியம் சமநிலை குலைந்தால், அதே புரதங்கள் குளுட்டமேட்டை வெளியே தள்ளத் தொடங்கும். வெளியே சேரும் குளுட்டமேட் நரம்புச் செல்லில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகள் என்ற வாயில்களைத் திறந்து கால்சியத்தை அளவுக்கு மீறி உள்ளே விடுகிறது. அதனால் மைட்டோகாண்ட்ரியா மேலும் பெராக்சைடைக் கக்குகிறது. நுண்பைகளிலிருந்து வெளியேறுவது குறைந்தபோதும் வெளியே அளவு கூடுவது இப்படித்தான். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே கட்டுரையின் பெரிய பிழை.

டோபமைன் என்ற கடத்தியில் இன்னொரு நுட்பம் உண்டு. மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு பொட்டாசியம் வாயில்களைத் திறந்து டோபமைன் வெளியீட்டைச் சற்று நேரம் அடக்குகிறது. இது சேதம் அல்ல, இயல்பான கட்டுப்பாடு. சிறிய அளவில் பெராக்சைடு செல்லுக்குத் தேவையான செய்திதான் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சேதம் வேறிடத்தில்: நுண்பைக்குள் அடைபடாமல் செல்லுக்குள் மிதக்கும் டோபமைன் தானே ஆக்சிஜனேறிக் குயினோன்கள் என்ற நச்சுப் பொருள்களாகிறது, டோபமைனைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியும் பெராக்சைடையே உண்டாக்குகிறது.

இத்தனை இடங்களில் நடப்பதை ஒரு மாத்திரை எப்படிச் சரிசெய்யும்? டேட்டாடாப் என்ற ஆய்வில், டோபமைன் செல்கள் அழியும் பார்க்கின்சன் நோயின் ஆரம்பநிலையில் இருந்த 800 பேரில் ஆன்டிஆக்சிடன்டான வைட்டமின் ஈயும் சோதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2000 யூனிட் கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை என்று 1993இல் முடிவு வெளியானது. அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தம் உறைவதையும் தடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கும் முன், இந்த எச்சரிக்கையை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உடலியல் ஆசிரியர் ஒருவர்