என் மா வேறு, உங்கள் மாவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் என் கடிதத்தை வெளியிட்டதற்கு நன்றி. அதில் இருந்தது நான் எழுதியதாகவே இருந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

"தை மழையில் சம்பா சாய்ந்துவிட்டது. மாவுக்கு நாலு மூட்டைகூடத் தேறவில்லை" என்று எழுதி அனுப்பினேன். "மாவு அரைக்கக்கூட நாலு மூட்டை நெல் தேறவில்லை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நெல்லை யாரய்யா மாவாக அரைக்கிறார்கள்? திருத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்றாலாவது ஆறுதல் அடைந்திருப்பேன். அவர்களுக்கு அரிசி மா, கோதுமை மா, எல்லாமே மாதான்.

தங்களுக்குத் தெரியாததல்ல. தஞ்சை, திருவாரூர் பக்கம் மா என்றால் நிலம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பன்னிரண்டடிக் கோலால் அளந்தால் குழிக்கு 144 சதுர அடி. மாவுக்கு 14,400, ஏறக்குறைய 33 சென்ட். எனக்கு ஒன்பது மா. நல்ல வருஷத்தில் மாவுக்குப் பத்து மூட்டை கண்டுமுதல் வரும், மொத்தம் தொண்ணூறு. இந்த வருஷம் முப்பத்தாறுகூட இல்லை. உங்கள் திருத்தத்தின்படி மூன்று ஏக்கரில் நாலு மூட்டையும் இல்லாத சோம்பேறி ஆகிவிட்டேன். அண்ணன் மகன் போன் செய்து, "என்ன சித்தப்பா, மில்லு வச்சிட்டீங்களா?" என்கிறான்.

இது முதல் தடவையும் அல்ல. சில வருஷங்களுக்கு முன் உங்கள் கேள்வி பதில் பகுதியில், கோயில் கல்வெட்டு ஒன்றில் வரும் "இரண்டு மா" இரண்டு மாமரங்கள் என்று விளக்கம் வந்தது. முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தை ஊறுகாய் போட்டுவிட்டார்கள். அப்போதும் எழுதினேன். இடம் இல்லை போலிருக்கிறது.

என் தகப்பனார் கிராமக் கணக்குப்பிள்ளை. 1980-இல் அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. திண்ணையில் உட்கார்த்திவைத்து எனக்கு எண்சுவடி, அதாவது பழைய கணக்கு வாய்பாடு, சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் நிலத்துக்கும் மா என்ற பெயர் பொருந்தி நிற்கிறது. ராஜராஜன் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலி, மா, காணி என்று முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரிகைக்கும் கீழே இறங்கி நிலத்தைக் கணக்குப் பண்ணி வெட்டியிருக்கிறார்கள். அதைக் கல்லில் வெட்டியவனுக்கு உதவி ஆசிரியர் கிடையாது. பிழைத்தான்.

குதிரையும் மா, யானையும் மா, பெரியதும் மா, கருமையும் மா என்று புலவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மாமரத்தையும் விலங்காகிய மாவையும் ஒரே நூற்பாவில் வைத்து இலக்கணம் சொன்னவர் தொல்காப்பியர். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால் பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் வாக்கியத்தில் சம்பா இருந்தது, மழை இருந்தது, மூட்டை இருந்தது. இதற்கு மேல் நான் வரப்பையும் வெட்டி உறையில் போட்டா அனுப்ப முடியும்?

பட்டாவில் இப்போது 1 ஹெக்டேர் 20 ஏர் சொச்சம் என்று இருக்கிறது. வங்கியில் பயிர்க்கடனுக்குப் போனால் கவுண்டரில் இருந்த தம்பி, "மாவா? அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இல்ல சார்" என்றான். 2019-இலேயே இருபதில் ஒன்றுக்கான தமிழ்க் குறி யூனிகோடில் ஏறிவிட்டது. அவனிடம் சொல்லவில்லை. கடன் வேண்டியிருந்தது.

உங்களிடம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: மாவுக்கு, அதாவது 33 சென்டுக்கு, நாலு மூட்டைகூடத் தேறவில்லை என்று. முதல் பக்கத்தில் வேண்டாம், வரன் தேடும் விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் போதும். இனிமேல் சந்தேகம் வந்தால் ஒரு போன் அடித்துக் கேட்கச் சொல்லுங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இக்கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் தொல்காப்பியரை வெட்டிக்கொள்ளுங்கள். நாலு மூட்டையில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பது மா விவசாயி,
மன்னார்குடி வட்டம்