அப்பாவின் பாட்டைப் பாடித் தந்தவர்களுக்கு

அன்பானவர்களே,

அப்பாவை அடக்கம் பண்ணி 41 நாள் ஆகிறது. பந்தல் போட்டவர், குளிர்பெட்டி கொண்டுவந்தவர், மூன்று நாளும் எங்களை அடுப்பு மூட்ட விடாத அக்கம்பக்கத்து வீட்டார், எல்லோரிடமும் நேரிலேயே சொல்லியாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒரு பாட்டுக்கான நன்றி. அதை நேரில் சொல்லப் போன இரண்டு தடவையும் தொண்டை அடைத்துக்கொண்டது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஜனவரி 29 சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. டெல்லி விஜய் சவுக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. அதில் ‘அபைட் வித் மீ’ வாசிப்பார்கள், காந்திக்குப் பிடித்த ஆங்கில ஞானப்பாட்டு. பேண்டு ஒரு வரி வாசித்து நிறுத்த, தூரத்திலிருந்து மணிகள் பதில் சொல்லும். அப்பா நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொள்வார். நம் கோயிலில் ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்று பாடுகிறோமே, அதே மெட்டு.

2022-ல் அதை எடுத்துவிட்டு ‘ஏ மேரே வதன் கே லோகோ’ என்ற இந்திப் பாட்டை வாசித்தார்கள். அப்பா முழுசாகக் கேட்டார். “இதுவும் நல்ல பாட்டுதான்” என்றார். டிவியை அணைத்துவிட்டு, பழைய மெட்டை வாய் திறக்காமல் முனகிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அன்று ராத்திரிதான் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார், தேதி போட்டிருக்கிறார். “என் அடக்கத்துக்கு இந்தப் பாட்டு. எல்லாச் சரணமும். இழுக்கக் கூடாது.”

அந்த மூன்றாவது கட்டளைதான் எங்களைப் பயமுறுத்தியது. அடக்க ஆராதனையில் ஞானப்பாட்டை இழுக்காமல் பாடிய ஊர் எது? முதல் சரணம் முடிவதற்குள் ஒரு ஜெபமே முடிந்துவிடும்.

வேலை நாள் என்பதால் பாடகர் குழுவில் வந்தது ஏழு பேர். அதில் மூன்று பேர் அரை நாள் விடுப்புப் போட்டு வந்தவர்கள். கரண்ட் போய்விட்டது, கீபோர்டு செத்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளி அறையில் கிடந்த ஆர்மோனியத்தை கோயில்பிள்ளை அண்ணன் தூசி தட்டித் தோளில் தூக்கிவந்தார். ஒரு கட்டை அமுங்கினால் எழும்பாது. வாசிக்கும் தம்பி அந்தக் கட்டையை ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலால் கிளப்பிவிட்டுக்கொண்டே வாசித்ததை பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். “வயசானவங்க நிறைய இருக்காங்கக்கா, ஈ ஃப்ளாட் வேண்டாம், டி-யில எடுத்துருவோமா?” என்று கேட்டாயே தம்பி, அந்த அரைக்கட்டை இறக்கத்தில்தான் ஊரே பாட முடிந்தது. இழுக்காமல் பார்த்துக்கொண்டது டெனர் மாமா. பெஞ்சு விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அப்பா கேட்டிருந்தால் தலையை ஒரு தடவை ஆட்டியிருப்பார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

குருவானவருக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பாவின் நல்ல குணங்களை வரிசையாகச் சொல்லாமல், இந்தப் பாட்டின் கதையைச் சொன்னீர்கள். இங்கிலாந்தில் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரில் குருவாக இருந்த, இந்தப் பாட்டை எழுதிய ஹென்றி லைட், நெஞ்சு நோயோடு 1847 செப்டம்பரில் கடைசிப் பிரசங்கம் பண்ணிவிட்டுப் புறப்பட்டதும், நவம்பரில், இப்போது பிரான்சில் இருக்கும் நீஸ் நகரத்தில் இறந்ததும், அவரை அங்கேயே அடக்கம் பண்ணியதும். நாம் பாடும் மெட்டு 1861-ல் வில்லியம் மாங்க் அமைத்தது. அந்த மெட்டை லைட் கேட்டதே இல்லை என்று நீங்கள் சொன்னபோது பின்வரிசையில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். எனக்கு அந்த ‘ச்சு’ பிடித்திருந்தது.

நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் பாடவில்லை. பாட முடியவில்லை. என் தம்பி இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டான். என் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ‘மற்றோர் சகாயம் அற்றபோதிலும்’ என்ற வரி வந்தபோது எங்கள் முதுகுக்குப் பின்னால் கோயில் நிறையக் குரல்கள். அந்த ஒரு வரி அன்றைக்கு எங்களுக்குப் பொருந்தவில்லை. பாட்டை அச்சடித்த தாளைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக நம் கோயிலுக்குள் வந்து பாடிய தெருக்காரர்களும், வார்த்தை தெரியாமல் மெட்டை மட்டும் கடைசிவரை முனகிய அப்பாவின் பட்டாளத்து நண்பரும் அந்தக் குரல்களில் இருந்தார்கள்.

அப்புறம் கல்லறைத் தோட்டம். டிரம்பெட் வாசித்த அண்ணனுக்கு என்ன சொல்ல? நீங்கள் கல்யாண பேண்டுசெட்டில் வாசிப்பவர். இந்தப் பாட்டை அதுவரை கேட்டதில்லை என்று முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு ஒளிக்காமல் சொன்னீர்கள். செல்போனில் போட்டுக்காட்டினோம். காதோடு வைத்துக்கொண்டு வாசலில் நடந்தீர்கள். பன்னிரண்டு மணிக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள். மறுநாள் பெட்டி இறங்கும்போது வாசித்தீர்கள். இரண்டாம் வரி முடிகிற இடத்தில் மத்திமம், அந்த ‘ம’ சுரம், அரைச்சுரம் ஏறும். நீங்கள் ஏற்றாமல் விட்டுவிட்டீர்கள். அப்புறம் வந்து அதற்காக மன்னிப்புக் கேட்டீர்கள். இப்போது எனக்கு அந்தப் பாட்டு உங்கள் மத்திமத்தோடுதான் காதில் வருகிறது. சரியாக வாசிப்பதைக் கேட்டால் எதுவோ பிசகுவது போல இருக்கிறது.

பிடிமண் போடும்போது தூறல் விழுந்தது. டிரம்பெட் அண்ணன் நனையாமல் யாரோ ஒருவர் பின்னால் நின்று குடை பிடித்திருந்தார். போட்டோவில் கை மட்டும் தெரிகிறது. கருப்புக் குடை, கைப்பிடியில் பச்சை நூல் சுற்றியது. அது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. எந்த நேரமானாலும் வாருங்கள், காப்பி குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
தம்பி, தங்கை சார்பிலும்,
மூத்த மகள்