வீட்டு வகைகளைப் படிப்பது பற்றி முருகேசனுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெயர் வைத்ததும் எழுது. இங்கே மா இந்த ஆண்டு சுமாராகத்தான் காய்த்திருக்கிறது. மற்றபடி அனைவரும் நலம்.

உன் கட்டடக்கலை மாணவர்களை இந்தப் பக்கம் அழைத்து வந்து வீட்டு வகைகளைக் காட்டப்போவதாக எழுதி, குடிசை, ஓட்டு வீடு, மெத்தை வீடு, அடுக்குமாடி என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாய். அந்தப் பட்டியலில் எனக்கு உடன்பாடில்லை. கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது என்று கேட்டுப் பிரிப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொருந்தும். வீடு கட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது போதாது. ஒரு வீடு எந்தத் திசையில் வளர இடம் கொடுக்கிறது, எதைச் செய்தால் கெட்டுப்போகிறது என்பதை வைத்துத்தான் அதன் வகையை அறிய முடியும் என்பது, இத்தனை காலம் பிளான் போட்டும் மனை அளந்தும் நான் வந்து சேர்ந்த முடிவு.

முதலில் கல் கூரை வீட்டைப் பார்க்கட்டும். இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில், பாறையிலிருந்து பிளந்தெடுத்த பலகைக்கற்களைச் சுவருக்குச் சுவர் பரப்பி, மேலே மண்ணும் காரையும் போட்டு மூடிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. கருங்கல் தன்மேல் ஏறும் பாரத்தால் நசுங்குவதில்லை. ஆனால் இரு முனைகளில் மட்டும் தாங்கி நடுவில் சுமை ஏற்றினால், அடிப்பக்கம் இழுபட்டு முறிந்துவிடும். அதனால் பலகை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். ஏழெட்டு அடியைத் தாண்ட வேண்டுமென்றால் நடுவில் கல்தூண் நட்டு உத்தரம் ஏற்ற வேண்டும். ஆகவே இந்த வீடு நீளவாக்கில் எத்தனை கட்டு வேண்டுமானாலும் நீளும், ஆனால் கட்டிய அறை அகலத்தில் ஓர் அடிகூட விரியாது.

பலகைக்கற்களை நிறுத்திவைத்து மேலே ஒன்றைக் கிடத்தும் இதே முறையில்தான் பெருங்கற்கால மக்கள் மல்லச்சந்திரத்துக் குன்றில் கல்திட்டைகளைக் கட்டினார்கள். அவை இறந்தோருக்கானவை. அவற்றைப் பார்த்துவிட்டு அக்காலத்து மக்கள் குடியிருந்த வீடும் இப்படித்தான் இருந்தது என்று உன் மாணவர்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். முன்பே எச்சரித்து வை. கல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பார்க்க மட்டும் அங்கே அழைத்துப் போ.

தொட்டிக்கட்டு வீட்டுக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிவிடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு புறமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள் என்ற இந்த அமைப்பைக் கன்னடம் பேசுவோர் தொட்டி மனே என்கிறார்கள். வெளிச்சுவரில் சன்னல் மிகக் குறைவு. வெளிச்சமும் காற்றும் அந்த ஒரே திறப்பின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நின்றாலும் இந்த வகைக்குக் குறை நேராததற்கு அதுவே காரணம். ஆனால் பாகப்பிரிவினை இதைக் கொன்றுவிடும். பழையபேட்டையில் அப்படிப் பிரித்த ஒரு வீட்டை அண்மையில் அளந்தேன். அண்ணனும் தம்பியும் முற்றத்தின் குறுக்கே ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பத்திரத்தில் இருவருக்கும் சதுர அடி சரியாக இருக்கிறது, இரண்டு பாகத்திலும் பகலிலேயே விளக்கு எரிகிறது. தம்பி, மழைச்சாரல் அடிக்கிறதென்று தன் பங்குக்கு வந்த பாதி முற்றத்தின் மேல் தகர ஷீட் போட்டுவிட்டார். இனி வெளிச்சுவரில் சன்னல் வைக்கலாம் என்றால் அந்தப் பக்கம் அடுத்தவர் சுவர். பிரிவதற்கு முந்தைய அமைப்பையும் இப்போதைய அமைப்பையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல். நீ வகுப்பில் முற்றத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்த இரண்டு படங்கள் கற்றுத்தருவதற்கு ஈடாகாது.

லைன் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரில் பெருகியவை அவை: ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை. குடியிருப்பவர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். ஆனாலும் உன் பட்டியலில் இது இல்லாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை, முருகேசா. உழைக்க வந்த எத்தனையோ குடும்பங்கள் வாழ்வது இதில்தான். பாடநூல் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக அது வகை இல்லை என்று ஆகிவிடுமா?

என் வாதத்துக்கு வலுச்சேர்ப்பவை அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடுகள். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி. குடிவந்தவர்கள் முதலில் வாசலில் சாய்ப்பு இறக்குவார்கள், பிறகு பக்கவாட்டில் ஓர் அடுப்படி, மகனுக்குக் கல்யாணம் என்றால் மாடி. மாடிப்படிக்கு முன்கூட்டியே இடம் விடாததால், இருக்கிற ஒரே நல்ல சன்னலை மறைத்துக்கொண்டு படி ஏறும். இதை முன்பே எண்ணிப்பார்த்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களில் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா, எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம் ஒன்றைச் சுற்றி ஏழு வீடுகள் என்று அமைத்தபோது, எந்த இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் வைக்கவில்லை. அண்டை வீட்டாரைக் கேட்காமலே அவரவர் வீட்டைப் பெருக்கிக்கொள்ளலாம். இந்தூரின் ஆரண்யாவில் பாலகிருஷ்ண தோஷி இன்னும் ஒரு படி போய், பல மனைகளில் அடித்தளத்தையும் கழிப்பறை, தண்ணீர் வசதிகளையும் மட்டும் தந்து, மீதியைக் குடும்பத்திடமே விட்டார்; 1995இல் அதற்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. பேலாப்பூரில் பல வீடுகளைப் பின்னாளில் இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அதைக் காட்டி அந்தத் திட்டம் தோற்றது என்பாரோடு நான் சேரமாட்டேன். வீட்டை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்?

மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வகை என்று கொடு. எந்தச் சுவர் எந்த ஆண்டில், யாருக்காக எழும்பியது என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டுக் குறிக்கட்டும். ஆண்களுக்கு அது அநேகமாக நினைவிருப்பதில்லை. தொட்டிக்கட்டு வீட்டுக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன். லைன் வீடுகளில் ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால் அங்கே மாலை ஐந்து மணிக்கு மேல் போகலாம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எழுதினால் தங்க இடம் பார்க்கிறேன்.

அன்புடன்,
சின்னராஜ்