வராத டாக்ஸிக்கு ரத்துக் கட்டணம்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
சாலிகிராமம், சென்னை – 600093
(பெயரும் கைப்பேசி எண்ணும் உங்கள் செயலியில் என் கணக்கில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
செயலி வழி டாக்ஸி நிறுவனம்

நாள்: 12.11.2024

பொருள்: 08.11.2024 வெள்ளி மாலை, சாலிகிராமத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் பதிவு செய்த பயணம். வராத வண்டிக்கு ரத்துக் கட்டணம் ரூ. 60, பாதியில் முடிந்த பயணத்துக்கு முழுக் கட்டணம் ரூ. 487 வசூலித்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் செயலியின் உதவிப் பகுதியில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் “உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்று எழுத்து மாறாமல் ஒரே பதில். முதல் பதில், நான் அனுப்பிவிட்டு விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது. அவ்வளவு வேகமாக வருந்துகிறவரிடம் பேசிப் பயனில்லை. அதனால்தான் தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது ஒரு மனிதர் உறை பிரித்துப் படிப்பார் என்ற நம்பிக்கை.

நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நானும் அம்மாவும் அன்று இரவு 9.05-க்கு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் வலி. ஒரு பெட்டி, இரண்டு பை, இவை போதாதென்று சீர் வரிசைக்கான கண்ணாடி வளையல்கள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய. இடிபட்டால் போச்சு. எங்கள் வீட்டிலிருந்து வடபழனி மெட்ரோ நிலையம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். தனியாக இருந்தால் நடந்தே போய் மெட்ரோ ஏறியிருப்பேன். அம்மாவையும் வளையலையும் நினைத்துத்தான் வாசலுக்கே வண்டி வரட்டும் என்று உங்களைக் கூப்பிட்டேன்.

மாலை 6.48-க்குப் பதிவு செய்தேன். கட்டணம் 312 ரூபாய், வண்டி 4 நிமிடத்தில் வரும் என்று காட்டியது. 6.51-க்கு ஓட்டுநரிடமிருந்து அழைப்பு. சென்னையில் டாக்ஸி பிடித்த எல்லோருக்கும் மனப்பாடமான அந்த இரண்டு கேள்விகள்: “எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?” சென்ட்ரல் என்றேன், ஆன்லைன் என்றேன். “சரி சார், வரேன்” என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் திரையில் இருந்த அந்தக் குட்டிக் கார் அசையவே இல்லை. அசையவில்லை என்று சொல்வதும் தப்பு, இருந்த இடத்திலேயே ஒரு முறை திரும்பி மூக்கை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டது. கீழே “ஓட்டுநர் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்” என்ற வரி. நிமிடம் 4 என்றே இருந்தது, பிறகு 6 ஆனது, மறுபடி 4. நான் நான்கு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா, “வருதாப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “வருதும்மா” என்று நானும் உங்கள் செயலியைப் போலவே சொல்லிக்கொண்டிருந்தேன். 7.09-க்கு ஓட்டுநரே அழைத்து, “நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார், நான் பண்ணா எனக்குப் பிடிப்பாங்க” என்றார். வேறு வழி? ரத்து செய்தேன். காரணம் கேட்ட இடத்தில் “ஓட்டுநர் ரத்து செய்யச் சொன்னார்” என்பதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அப்படி ஒரு காரணத்தை நீங்களே பட்டியலில் வைத்திருக்கிறீர்கள் என்றால், இது அடிக்கடி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? அப்படியும் 60 ரூபாய் பிடித்தீர்கள்.

7.11-க்கு மறுபடியும் பதிவு. அதே வாசல், அதே சென்ட்ரல். 312 ரூபாய் 487 ஆகியிருந்தது. இந்த முறை வண்டி வந்தது, 7.21-க்குக் கிளம்பினோம். 8.06-க்கு சென்ட்ரல் போய்விடலாம் என்றது திரை.

ஆற்காடு சாலையின் நிலைமை இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் மெட்ரோ வழித்தடத்தின் வேலை நடக்கிறது. நகரம் முழுக்க மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்கு நடக்கும் இரண்டாம் கட்டப் பணியில் இது ஒன்று. இன்று திறந்திருக்கும் தெரு நாளை தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விடும். எங்கள் தெரு முனை டீக்கடைக்காரருக்கு இது அன்றன்றைக்குத் தெரிகிறது. உங்கள் வரைபடத்துக்கு மட்டும் தெரியவில்லை. அது எங்களை ஓர் உள் தெருவுக்குள் திருப்பிவிட்டது. தெருவின் கடைசியில் தடுப்பு. அங்கேயே ஏற்கெனவே மாட்டிக்கொண்ட மூன்று கார்களோடு நான்காவதாகப் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வர 14 நிமிடம். ஆற்காடு சாலைக்கே திரும்பி வந்து சேர்ந்தபோது, சென்ட்ரல் போய்ச் சேரும் நேரம் 8.06 என்பது 8.19 ஆகி, 8.31 ஆகி, 8.52-இல் வந்து நின்றது.

இந்த ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். பெட்டியைத் தானே தூக்கி வைத்தார், வளையல் பெட்டியை முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிட்டார். “அந்தத் தெரு அடைச்சிருக்குன்னு எனக்கே தெரியும் சார், ஆனா மேப்பை விட்டுட்டுப் போனா கம்பெனிலேருந்து கேள்வி வரும், கஸ்டமரும் சுத்தி ஓட்டுறான்னு ஸ்டார் குறைச்சுடுவாங்க” என்றார். வடபழனி சிக்னலை நெருங்கியபோது மணி 7.57. “ரயிலைப் பிடிக்கணும்னா இறங்கி மெட்ரோல போயிடுங்க சார்” என்று சொன்னவரும் அவர்தான். தன் வருமானத்துக்கு எதிராக ஒருவர் உண்மையைச் சொன்னார். அவர்மேல் இந்தக் கடிதத்தில் எந்தப் புகாரும் இல்லை. இதைக் காட்டி அவருக்கு ஏதாவது பிடித்தம் செய்தால், அதுவே எனக்கு அடுத்த கடிதத்துக்குக் காரணமாகும்.

இறங்கினோம். அம்மாவை ஒரு கையில், வளையலை ஒரு கையில், பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு என்று எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதை விவரிக்க மாட்டேன். லிஃப்டில் ஏறி நடைமேடைக்கு வந்தபோது 8.04. தொங்கும் பலகையில் சென்ட்ரல் ரயில் 4 நிமிடம் என்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அந்த எண்ணைப் பார்த்து நொந்துபோயிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. 8.08-க்கு ரயில் வந்தது. கோயம்பேடு வரை மேம்பாலத்தில் ஓடி, திருமங்கலத்தில் பூமிக்குள் இறங்கி, அண்ணா நகர், ஷெனாய் நகர், பச்சையப்பன் கல்லூரி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் எல்லாவற்றையும் அடியிலேயே தாண்டி, 8.36-க்கு சென்ட்ரல். 28 நிமிடம்! 2017 மே மாதம் திருமங்கலம்–நேரு பூங்கா இடையே சென்னையின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது, போய் ஏறிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். மண்ணுக்கடியில் எனக்கென்ன வேலை என்றார் அம்மா. ஏழு வருடம் கழித்து அன்றுதான் முதல் தடவை. வெகுநேரம் பேசாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இவங்க சொல்ற நாலு நிமிஷம் நாலு நிமிஷமாவே இருக்கேப்பா” என்றார். ரயிலை எட்டு நிமிடம் மீதம் வைத்துப் பிடித்தோம்.

நான் புகார் சொல்வது நெரிசலைப் பற்றி அல்ல. வெள்ளிக்கிழமை மாலை சென்னையில் கார் பறக்காது என்பது தெரிந்துதான் இரண்டே கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்பினேன். மெட்ரோவுக்குத் தண்டவாளம் தனி, சிக்னல் இல்லை, குறுக்கே மாடு வராது. அந்த வேகத்தை உங்களிடம் எதிர்பார்க்கவும் இல்லை. என் வழக்கு அந்த “4 நிமிடம்” மேல்தான். 6.51-க்கே அந்த ஓட்டுநர் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். 18 நிமிடம் ஒரே இடத்தில் நின்ற வண்டி வராது என்பதை ஜி.பி.எஸ். வைத்திருக்கும் உங்கள் கணினிக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மட்டும்தான் தெரியாது. “இந்த வண்டி நகரவில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்” என்று 6.55-க்கு ஒரு வரி காட்டியிருந்தால், முனையில் நிற்கும் ஆட்டோவைப் பிடித்து வடபழனி போய், அம்மா அலட்டிக்கொள்ளாமல் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் உட்கார்ந்து காபி குடித்திருப்பார்.

ஆட்டோக்காரர்களைப் பற்றி இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு குறை உண்டு. 2013-இல் அரசு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று நிர்ணயித்தது, மீட்டர் போடுபவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று: அவர் வரமாட்டேன் என்றால் முகத்துக்கு நேராக “வராது சார்” என்று சொல்லிவிடுவார். ஐந்து விநாடியில் அடுத்த ஆட்டோவிடம் போய்விடலாம். அப்படிச் சொன்னதற்கு என்னிடம் 60 ரூபாய் வாங்கிய ஆட்டோக்காரர் இதுவரை இல்லை.

இனி கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 நவம்பரில் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், தக்க காரணமில்லாமல் ரத்து செய்பவர் ஓட்டுநரானாலும் பயணியானாலும் கட்டணத்தில் 10 சதவீதம், அதுவும் 100 ரூபாய்க்கு மேற்படாமல் என்று இருக்கிறது. 312-க்கு 10 சதவீதம் 31 ரூபாய் 20 காசு. நீங்கள் வாங்கியது 60, அதுவும் காரணம் உங்கள் பக்கம் இருக்கும்போது. தேவை கூடும் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரைதான் ஏற்றலாம் என்றும் 2020-இன் அந்த நெறிமுறைகளிலேயே இருந்தது. உங்கள் 312-ஐயே அடிப்படை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மடங்கு 468. நீங்கள் 487 வாங்கினீர்கள்.

அது வெறும் வழிகாட்டுதல்தானே என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லலாம். சரி, அதை விடுங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் பாருங்கள். தான் ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காத நிறுவனம், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது விதி. இந்த வருடம் மட்டும் உங்கள் ஓட்டுநர்கள் தாங்களாகவே ரத்து செய்த பயணங்கள் என் கணக்கில் ஐந்து இருக்கின்றன. ஒன்றுக்காவது எனக்குப் பத்து ரூபாய் வந்ததுண்டா?

487 ரூபாய் சென்ட்ரல் வரைக்குமான கட்டணம். வண்டி ஓடியது வடபழனி வரை. நான் பாதியில் இறங்கியதால் “பயணி விருப்பப்படி முடிக்கப்பட்டது” என்று ரசீதில் போட்டிருக்கிறீர்கள். என் விருப்பம் சென்ட்ரல் போவது. முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை போனாலும் 50 ரூபாயைத் தாண்டாத மெட்ரோ டிக்கெட்டில் அந்த விருப்பம் நிறைவேறியது.

சமாதானத்துக்கு ஒரு 50 ரூபாய் கூப்பன் அனுப்பியிருந்தீர்கள். ஏழு நாளுக்குள், 400 ரூபாய்க்கு மேற்பட்ட பயணத்துக்கு மட்டும் செல்லும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவைதான். உங்களுக்குப் போன மொத்தம் 547 ரூபாய். வண்டி ஓடிய தூரத்துக்கும் இரண்டாவது ஓட்டுநர் நெரிசலில் நின்ற நேரத்துக்கும் 150 எடுத்துக்கொள்ளுங்கள், அது முழுதாக அவருக்கே போகட்டும். மீதி 397 ரூபாயை என் வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுங்கள், செயலிப் பணப்பையில் அல்ல. அடுத்து, எங்கே போகிறோம், எப்படிப் பணம் கொடுக்கிறோம் என்பதை ஓட்டுநர் சவாரியை ஏற்கும் முன்பே அவருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே சொல்லிவிடுவார், அந்த இரண்டு கேள்விகளும் ஒழியும். ஐந்து நிமிடம் நகராத வண்டியை உங்கள் கணினியே ரத்து செய்யட்டும், பயணிக்குச் செலவில்லாமல். சாலை அடைப்புகளை ஓட்டுநர் தெரிவித்தால் வேறு வழியில் போக அவரை விடுங்கள்.

கோவை போய்ப் பெட்டியைத் திறந்தபோது ஒரு டஜன் வளையல் போயிருந்தது. உடைந்தது என்று சொல்லக் கூடாதாம், பெருகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டுமாம், அம்மா என்னைத் திருத்தினார். அதற்கு நான் பணம் கேட்கவில்லை.

அதே மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டியது உங்கள் கடமை. தராவிட்டால் 1915 உதவி எண்ணுக்கும், அப்படியே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ரசீதுகளும், கார் நகராமல் நின்ற 18 நிமிடத்தில் எடுத்த ஆறு திரைப்படிமங்களும் இத்துடன் உள்ளன. ஆறிலும் “வந்துகொண்டிருக்கிறார்” என்றுதான் இருக்கிறது, மணியை மட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்